அரூர்ப் பட்டறையில் வயலின் செய்ய முடியுமா?

கேள்வி இதுதான்: அரூர் பக்கத்தில் அப்பா தச்சு வேலை செய்கிறார். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாவற்றையும் இன்றும் கையால் இழைத்துச் செய்பவர். மகன் தர்மபுரிக்கு வந்து வயலின் கற்றுக்கொள்கிறார். “எங்கள் பட்டறையிலேயே பலா மரத்தில் ஒரு வயலின் செய்ய முடியுமா? முந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் ஸ்ட்ராடிவாரி என்பவர் செய்த வயலினில் அப்படி என்ன ரகசியம்? இத்தாலிக்காரர்கள் செய்த அதே முறையில் செய்தால் நமக்கும் அந்த நாதம் வருமா?” என்று கேட்டிருக்கிறார்.

முடியும், தம்பி. ஆனால் மேல்பலகைக்குப் பலா வேண்டாம். மற்றபடி இந்த வேலையில் முக்கால் பங்கு ஏற்கெனவே உங்கள் அப்பாவின் கையில் இருக்கிறது. மீதியைக் கற்றுக்கொள்ள வேண்டும், தச்சு வேலையில் பழகிய சிலவற்றை விட்டுவிடவும் வேண்டும். நான் கிருஷ்ணகிரியில் பல வருஷமாக வயலின்களைப் பிரித்துச் சரிசெய்துகொண்டும் இடையிடையே புதிதாகச் செய்துகொண்டும் இருப்பவன். பிரித்துப் பார்த்துக் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பலா. தஞ்சாவூர் வீணை பலாவில் குடையப்படுகிறது. மிருதங்கக் கட்டையும் பலாதான். நாதம் உள்ள மரம் என்று அதற்குப் பெயர், அந்தப் பெயர் நியாயமானது. ஆனால் வீணையில் தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு விடுகிறோம்; கனமான குடம் அந்த நாதத்தை நிதானமாகத் தாங்கிக்கொண்டு போகிறது. வயலினில் வில் ஓடும் நேரம் முழுக்கத் தந்தி, தன்னைத் தாங்கி நிற்கும் குதிரை என்ற சின்ன மரத்துண்டை அசைத்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் குதிரையின் இரண்டு கால்களும் நிற்பது சுமார் 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகையின் மேல். நான்கு தந்திகளின் இழுவிசையைக் கூட்டினால் 20 கிலோவுக்கு மேல் வரும். அதில் 7, 8 கிலோ குதிரை வழியாக நேராகக் கீழே அழுத்துகிறது. முழு வயலினின் எடையே அரைக் கிலோவுக்குக் குறைவு. அந்த மெல்லிய பலகை இவ்வளவு பாரத்தையும் வருஷக்கணக்கில் தாங்க வேண்டும், வில்லின் சின்ன அசைவுக்கும் அந்தக் கணமே துடிக்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வது ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரம். ஒரு கன மீட்டர் ஸ்ப்ரூஸ் 400 முதல் 450 கிலோதான் இருக்கும். பலாவும் தேக்கும் 600 கிலோவை ஒட்டி வரும். எடை குறைவாக இருந்தாலும் வரியின் திசையில் ஸ்ப்ரூஸ் அசாத்திய விறைப்பு. குறுக்கே பார்த்தால் அதில் பத்தில் ஒரு பங்கு விறைப்புகூட இருக்காது. வட இத்தாலியில் வால் தி ஃபியெம்மே என்ற பள்ளத்தாக்கில் இந்த மரம் வளர்கிறது. பனிக்காலம் முழுக்க வளர்ச்சி நின்று, குறுகிய கோடையில் மட்டும் கொஞ்சம் வளரும். அதனால் வருஷ வளையங்கள் நெருக்கமாக, சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், கோடு கிழித்தது போல நேராக இருக்கும். நம் மேலகிரிக் காட்டிலோ ஜவ்வாது மலையிலோ மரத்துக்கு அப்படி ஒரு உறக்கம் கிடைப்பதில்லை. அதோடு பலா போன்ற வெப்பநாட்டு மரங்களில் வரி ஒரு அடுக்கு இந்தப் பக்கமும் அடுத்த அடுக்கு அந்தப் பக்கமும் சாய்ந்து பின்னிக்கொண்டு வருவது சகஜம். இழைப்புளி ஓட்டும்போது பாதி தூரம் வழவழவென்று போய், மீதி தூரம் சிராய் பெயர்வதை உங்கள் அப்பா தினமும் பார்த்திருப்பார். கட்டிலில் அது ஒரு தொந்தரவு மட்டும்தான். 3 மில்லிமீட்டர் பலகையில் அது பலவீனம்.

ஆகவே மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் வாங்கத்தான் வேண்டும். ஐரோப்பிய மரம் கிடைத்தால் நல்லது. நம் இமயமலையிலும் ஸ்ப்ரூஸ் இனம் ஒன்று உண்டு. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஆரம்பப் பயிற்சிக்கான ஒரு ஃபேக்டரி வயலினின் விலையை, நல்ல மரத்துண்டு மட்டுமே தாண்டிவிடலாம். காசு மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

நம்மூர் மரத்துக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. பெட்டிக்குள்ளே நான்கு மூலைகளிலும் மேல், கீழ் முனைகளிலும் வரும் ஆறு கட்டைகளுக்கும், பக்கப்பலகையின் விளிம்பில் உள்ளே ஒட்டும் மெல்லிய பட்டிகளுக்கும் குமிழ் மரம் நன்றாக இருக்கும். இலேசானது, உளிக்கு இணங்கும், காய்ந்தபின் அதிகம் முறுக்காது. இத்தாலியில் அந்த இடத்தில் வில்லோ அல்லது ஸ்ப்ரூஸ் போடுவார்கள். சுருதி கூட்டத் திருகும் பிரடைக்கும் தந்தி தாங்கிக்கும் ஈட்டி மரம் போதும். புது ஈட்டி வாங்குவதானால் சரியான ரசீதோடு வாங்குங்கள். அதைவிட, பழைய வீடு இடிக்கும்போது வரும் ஒரு கட்டில் கால் போதும், நான்கு பிரடை கடைந்துவிடலாம். ஐம்பது அறுபது வருஷம் காய்ந்த மரத்துக்கு ஈடே கிடையாது. விரல் ஓடும் பலகைக்குக் கருங்காலி. அடிப்பலகை, பக்கப்பலகை, கழுத்து மூன்றுக்கும் மரபுப்படி மேப்பிள். அடிப்பலகைக்குப் பலாவை முயன்று பார்க்க ஆசை என்றால் நான் தடுக்க மாட்டேன், எடையில் இரண்டும் வெகு தூரம் இல்லை. ஆனால் இரண்டாவது வயலினில் முயலுங்கள். முதல் வயலினில் மரமும் புதிது, முறையும் புதிது என்றால், நாதம் சரியில்லாதபோது எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது.

அடுத்து முறை. இன்று நாம் பார்க்கும் வயலின் வடிவத்தை 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனா ஊரில் நிலைநிறுத்தியவர் ஆந்திரேயா அமாத்தி. மகன்கள், பேரன் என்று வேலை குடும்பத்துக்குள்ளேயே போனது. 1630இல் அந்த ஊரில் கொள்ளைநோய் வந்தது. அமாத்தி குடும்பத்தில் மூத்தவர் இறந்துபோனார். பேரன் நிக்கோலோ கையில் மட்டும்தான் அந்த வேலை மிஞ்சியது. அதன்பிறகுதான் அவர் குடும்பத்துக்கு வெளியே இருந்து பையன்களைப் பட்டறையில் சேர்த்துக் கற்றுக்கொடுத்தார். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆந்திரேயா குவார்னேரி. அவருடைய பேரன்தான் பிற்பாடு ஸ்ட்ராடிவாரிக்குச் சமமாகப் பேசப்பட்ட குவார்னேரி தெல் ஜெசு. அதே ஊரில் வேலை செய்த ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார், இவர் 1744இல். அதற்கப்புறம் கிரெமோனாவிலேயே இந்த வேலை தளர்ந்து, 1938இல் அரசுப் பள்ளி தொடங்கித்தான் மறுபடி எழுந்தது. 2012இல் கிரெமோனாவின் வயலின் செய்யும் கலையை யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. உங்களுக்கு இதில் சேதி ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்: வெளியாருக்கும் கற்றுக்கொடுத்தால்தான் கைவேலை பிழைக்கும். தச்சு தெரிந்த குடும்பத்திலிருந்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பதே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. நம் பக்கம் வயலின் வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பெட்டிக்குள் நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற குச்சி கழன்றால் அதை நிறுத்திக்கொடுக்க பெங்களூருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள்.

வேலை எங்கே தொடங்குகிறது என்றால், உள்ளே வைக்கும் ஒரு அச்சில். வயலின் வடிவத்தில் அறுத்த பலகை அது. அதைச் சுற்றித்தான் பக்கப்பலகைகளை வளைப்பார்கள். பக்கப்பலகையின் கனம் சுமார் ஒரு மில்லிமீட்டர், உயரம் 30 மில்லிமீட்டர். தண்ணீரில் நனைத்து, சூடான இரும்பில் அழுத்தி, மரம் இளகும் அந்த நொடியில் வளைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஒடியும், தயங்கினால் கருகும். ஸ்ட்ராடிவாரி பயன்படுத்திய மர அச்சுகள் இன்றும் கிரெமோனா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆகவே வடிவத்தில் ரகசியம் எதுவும் இல்லை. உடலின் நீளம் 355 மில்லிமீட்டர். மேல் விளிம்பிலிருந்து குதிரை நிற்கும் இடம் வரை 195. கழுத்தின் நீளம் 130. கழுத்துக்கும் இந்த 195க்கும் உள்ள 2:3 விகிதம் தவறினால் வாசிப்பவரின் விரல் பழகிய இடத்தில் ஸ்வரம் இருக்காது. இதில் மட்டும் கண்ணளவு போதாது.

மேல்பலகை ஒரே மரத்துண்டை ஆரமாகப் பிளந்து, புத்தகம் விரிப்பது போல விரித்து, நடுவில் ஒட்டியது. வாளால் அறுப்பதைவிடக் கோடாலியால் பிளப்பது மேல். பிளவு நாரின் வழியே போகும், வாள் நாரை வெட்டிக்கொண்டு போகும். நடு ஒட்டுக்கு இரண்டு விளிம்பையும் நீள இழைப்புளியில் இழைத்து, ஒன்றின் மேல் ஒன்று நிறுத்தி, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இடையில் எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் மறுபடி இழைக்க வேண்டும். தெரியவே இல்லை என்றால் சூடான பசை தடவி, ஒரு துண்டை மற்றதன் மேல் இரண்டு மூன்று முறை தேய்க்கவும். பசை இறுகுவதைக் கையே சொல்லும். நகர மறுக்கும் கணத்தில் விட்டுவிட வேண்டும். கிளாம்ப்பே தேவையில்லை. உங்கள் அப்பாவுக்கு இதை ஒரு தடவை காட்டினால் போதும், என்னைவிட நன்றாகச் செய்வார்.

அப்புறம் வளைவு. இந்தப் பலகையை வளைத்துச் செய்வதில்லை, செதுக்கி எடுக்கிறோம். வெளிப்பக்கம் நடுவில் சுமார் 15 மில்லிமீட்டர் மேடாக, விளிம்பை நோக்கிச் சரிந்து, விளிம்புக்குச் சற்று முன் குழிந்து மறுபடி எழ வேண்டும். முதலில் வளைந்த உளி, பிறகு கட்டைவிரல் அளவே உள்ள சின்ன இழைப்புளி, கடைசியில் எஃகுத் தகடு. உப்புத்தாளைத் தொடாதீர்கள். தகடு நாரைச் சீவும். உப்புத்தாள் நாரைக் கிழித்து, அந்தத் தூளையே வரிக்குள் அடைத்துவிடும். சாய்வெளிச்சத்தில் பலகையைத் திருப்பிப் பார்த்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். விளக்கை ஒரே பக்கம் வைத்து, மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு இந்த வேலையைச் செய்வேன்.

உள்பக்கம் குடைவதில்தான் உண்மையான வித்தை இருக்கிறது. ஸ்ப்ரூஸ் பலகையை 2.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை கொண்டுவருவோம். அடிப்பலகை நடுவில் 4.5 வரை இருந்து ஓரத்தில் 2.5க்கு இறங்கும். இந்த எண்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. ஆனால் ஒரு மரம்போல் இன்னொரு மரம் இல்லை. அதனால் எண்ணை மட்டும் பார்த்துக் குடைந்தவன் ஒரே கனமுள்ள பத்து வயலினில் பத்து விதமான குரலைத்தான் பெறுவான். 3.2 வந்ததும் கனம் அளக்கும் காலிபரைக் கீழே வையுங்கள். பலகையை இரண்டு கையிலும் பிடித்து, கட்டைவிரல்களால் குறுக்கே மெல்ல வளையுங்கள். பிறகு மூலைக்கு மூலை முறுக்குங்கள். முதலில் முரண்டு பிடிக்கும். இன்னும் கொஞ்சம் சீவி, மறுபடி வளைத்துப் பாருங்கள். இரண்டு விரலால் ஓரத்தில் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். தொடக்கத்தில் ‘டொக்’ என்று செத்த சத்தம் வரும். சீவச் சீவ அது நீண்டு, ஒரு ஸ்வரமாகத் திரளும். அது திரண்ட பிறகும் சீவிக்கொண்டே போனால் தளர்ந்து கீழே இறங்கும், அந்தப் பலகை நாளைக்குக் குதிரையின் கீழ் அமுங்கிவிடும். கதவு செய்கிறவருக்கு மரத்தைக் காப்பாற்றுவது பழக்கம். இங்கே எடுக்கும் துணிச்சல் வேண்டும், நிறுத்தும் நிதானமும் வேண்டும். பேஸ் பார் என்ற உள்கட்டையோடு சேர்த்து, முடிந்த மேல்பலகை 65, 70 கிராமுக்குள் நின்றால் நல்ல அடையாளம்.

விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்பு-வெள்ளை-கறுப்புக் கோடு அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். மூன்று மெல்லிய மரப்பட்டைகளைச் சேர்த்து, வாய்க்கால் வெட்டிப் பதித்தது அது. மொத்த அகலமே ஒன்றேகால் மில்லிமீட்டர். விளிம்பு எங்காவது இடிபட்டு வெடித்தால் வெடிப்பு அந்தக் கோட்டோடு நிற்கும். மலிவு வயலின்கள் சிலவற்றில் பெயிண்டில் கோடு வரைந்திருப்பார்கள்; அது எதையும் நிறுத்தாது. கடையில் வயலின் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இப்போது பசைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

ஃபெவிகால் கதவுக்கும் கட்டிலுக்கும் அருமையான பசை. வயலினுக்கு வேண்டவே வேண்டாம். வயலினில் போடுவது மாட்டுத்தோல் போன்றவற்றைக் காய்ச்சி எடுத்த பழைய பசை. நம் ஊர்ப் பெரிய ஆசாரிகள் வச்சிரம் என்று சொல்வார்களே, அதுதான். கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, கிண்ணத்தை வெந்நீரில் இறக்கி, 60 டிகிரிச் சூட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். இந்தப் பசை காய்ந்தால் மரத்தோடு மரமாகப் பிடிக்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் விட்டுக்கொடுக்கும், மெல்லிய கத்தியை ஒட்டிய மடிப்பில் நுழைத்தாலும் பளிச்சென்று பிரியும். மேல்பலகையை ஒட்ட இதையும் இன்னும் நீர்த்துத்தான் போடுவோம்.

ஏன் இப்படி வேண்டுமென்றே தளர்வாக ஒட்டுவது? ஏனென்றால் வயலின் என்பது பிரிக்கப்படப் போகும் பெட்டி. உள்ளே பேஸ் பார் மாற்ற வேண்டி வரும், வெடிப்புக்குப் பின்னால் தாங்குகட்டை ஒட்ட வேண்டி வரும். 1800ஐ ஒட்டி ஐரோப்பாவில் சங்கீத மண்டபங்கள் பெரிதாகி, தந்திகளின் இழுவிசை கூடியபோது, பழைய கிரெமோனா வயலின்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திறந்து கழுத்தை மாற்றி, பேஸ் பாரைப் பெரிதாக்கினார்கள். ஸ்ட்ராடிவாரி வைத்த கழுத்து உள்ளிருந்து ஆணி அடித்தது. இன்று அந்த வயலின்களில் இருப்பது செருகி ஒட்டிய கழுத்து. அவர் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்தால் அந்த வயலின்கள் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்திருக்கும். முந்நூறு வருஷம் கழித்து முகம் தெரியாத ஒருவன் தன் வேலையைத் திறப்பான், அவன் கைக்கு வழிவிட வேண்டும் என்று நினைத்துச் செய்த வேலை இது. கைவேலையில் இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது.

நம் ஊருக்கு இது இன்னும் முக்கியம். தர்மபுரியில் ஏப்ரல், மே வந்தால் காற்று எப்படிக் காயும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அதே காற்று சொதசொதவென்று இருக்கும். ஓசூர் உயரத்தில் குளிரில் இருக்கும் வயலினைச் சித்திரையில் கச்சேரிக்கென்று அரூருக்குக் கொண்டுவந்தால், அது ஒரே நாளில் இரண்டு பருவத்தைப் பார்க்கிறது. மேல்பலகை வரிக்குக் குறுக்கே சுருங்கும். சுருங்குகிற பலகைக்கு எங்காவது ஒரு இடம் விட்டுக்கொடுக்க வேண்டும். வச்சிரம் போட்ட வயலினில் விளிம்பு மடிப்பு இரண்டு அங்குலம் திறந்துகொள்ளும். வாசிக்கும்போது ‘ஙொய்’ என்று ஒரு அதிர்வு கேட்கும், அவ்வளவுதான். கொஞ்சம் சூடான பசை, இரண்டு கிளாம்ப், ஒரு இரவு; மறுநாள் கச்சேரிக்குத் தயார். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை போட்ட வயலினில் மடிப்பு அசையாது, அதனால் பலகையே வெடிக்கும். அப்படி வெடித்து என்னிடம் வந்தவைதான் அதிகம். அவற்றைத் திறக்கப் போனால் பசை விடாது, மரம் பெயர்ந்து வரும். மடிப்பு திறப்பதைப் பழுது என்று நினைக்காதீர்கள், பலகையைக் காப்பாற்ற அது திறந்திருக்கிறது.

இதே காரணத்தால்தான் காருக்குள் வயலினை வைத்துப் பூட்டிவிட்டுக் கல்யாண மண்டபத்துக்குள் சாப்பிடப் போகாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நம் வெயிலில் மூடிய காரின் உள்சூடு பசை இளகும் அளவுக்குப் போய்விடும்.

ஸ்ட்ராடிவாரி ரகசியம் பற்றிக் கேட்டீர்கள். வார்னிஷில்தான் ரகசியம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தார்கள். 2009இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் அவர் செய்த ஐந்து கருவிகளின் வார்னிஷைச் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். உள்ளே இருந்தது காயும் எண்ணெய், பைன் மரப் பிசின், அந்தக் கால ஓவியர்கள் பயன்படுத்திய சாதாரண நிறப்பொருள்கள். பிறகு கண்ணை மறைத்து வாசிக்கவைத்த சோதனைகள் நடந்தன. 2012இல் பாரிஸ் அருகே 10 தேர்ந்த வயலின் கலைஞர்களிடம் பழைய இத்தாலிய வயலின்கள் ஆறும் புது வயலின்கள் ஆறும் கொடுத்தார்கள். எது பழையது எது புதியது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. விரும்பித் தேர்ந்தெடுத்ததிலும் புதியவைதான் முன்னே நின்றன. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. எனக்கு அது பெரிய நம்பிக்கை. ஸ்ட்ராடிவாரி மகா கலைஞர், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவரிடம் இருந்த கையும் காதும் பொறுமையும் இன்று உயிரோடு இருப்பவனுக்கும் வரும் என்பது தெரிந்துவிட்டது.

வார்னிஷில் நமக்கு ஒரு வசதியும் உண்டு. எண்ணெய் வார்னிஷ் காய வெயில் வேண்டும். குளிர்நாட்டில் அதற்கென்று விளக்குப் பெட்டி கட்டி வைத்துக்கொள்கிறார்கள். நம் மொட்டைமாடியில் காலை எட்டு மணி வெயில் போதும். பத்து மணிக்குள் நிழலுக்கு எடுத்துவிடுங்கள், உச்சி வெயில் மரத்தையே வெடிக்கவிடும். மெல்லிய பூச்சாகப் பல தடவை போட வேண்டும். கழுத்தின் பின்பக்கம் மட்டும் வார்னிஷ் கூடாது. எண்ணெய் தேய்த்து வழவழப்பாக விட்டால் போதும், கை அங்கேதான் ஓடுகிறது.

கர்நாடக சங்கீதம் வாசிக்கிறவருக்குச் செய்கிறீர்கள் என்றால் இந்தக் கழுத்து இரட்டிப்பு முக்கியம். பாலுசாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் 19ஆம் நூற்றாண்டில் இந்த மேல்நாட்டு வாத்தியத்தை நம் இசைக்குள் கொண்டுவந்தபோது பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டு, உட்காரும் முறையையும் சுருதி கட்டும் முறையையும் மாற்றிக்கொண்டார்கள். தரையில் உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது கணுக்காலின் மேல் வைத்து வாசிக்கிறோம். கமகத்துக்காகக் கை மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே இருக்கும், விரலில் எண்ணெயும் இருக்கும். கழுத்தில் ஒரு சின்ன மேடு இருந்தாலும் ஜாரு என்னும் ஒவ்வொரு வழுக்கலிலும் கை அதைத் தொடும். தலைச்சுருளின் ஓரத்தைக் கத்திபோல் கூராக விட்டால் அரை மணியில் கணுக்கால் வலிக்கும், கொஞ்சம் உருட்டிவிடுங்கள்.

சுருதியைப் பொறுத்தும் வேலை மாறும். நாம் ஸ, ப, ஸ, ப என்று கட்டுகிறோம். பெண் பாடகருக்கு 5 கட்டைச் சுருதியில் கட்டினால் மேல்நாட்டுச் சுருதிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆண் பாடகருக்கு 1 கட்டைக்கு இறக்கினால் தந்திகள் நன்றாகத் தளர்ந்துபோகும். அதே மேல்நாட்டுக் கனத்தில் பலகை இருந்தால் அந்தத் தளர்ந்த இழுவிசைக்கு அது அசையாமல், குரல் உள்ளேயே அடைபட்டதுபோல் கேட்கும். ஆகவே யாருக்காகச் செய்கிறோம், எத்தனை கட்டை என்று கேட்டுக்கொண்டு மேல்பலகையைக் கால் மில்லிமீட்டர் இளக்குவேன், பேஸ் பாரையும் சற்று இலேசாக்குவேன். உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்டையும் இறுக்கமாக வைக்க மாட்டேன். அந்தக் குச்சி 6 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்ப்ரூஸ், பசையே இல்லாமல் மேலுக்கும் கீழுக்கும் இடையில் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. மேல் பஞ்சமத் தந்தி இருக்கும் பக்கத்தில், அங்குள்ள குதிரைக் காலுக்குச் சற்றே பின்னால். அரை மில்லிமீட்டர் நகர்த்தினால் குரல் மாறும். தந்தி மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது என்று வாத்தியார்கள் சொல்வது இந்தக் குச்சி விழுந்துவிடும் என்பதற்காகத்தான்.

எப்படி ஆரம்பிப்பது? உடைந்த ஃபேக்டரி வயலின் ஒன்றைச் சும்மா வாங்குங்கள், யாராவது வாத்தியார் வீட்டுப் பரணில் கட்டாயம் இருக்கும். அதன் மேல்பலகையைப் பிரித்து, உள்ளே பார்த்து, எங்கே கனம் எங்கே மெலிவு என்று காலிபரில் அளந்து காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். வச்சிரம் காய்ச்சி மறுபடி மூடித் தந்தி ஏற்றுங்கள். இதை இரண்டு மூன்று வயலினில் செய்தபிறகு புது மரத்தில் கை வையுங்கள். ஒரு வயலினுக்கு சுமார் 200 மணி நேரக் கைவேலை ஆகும், வார்னிஷ் காயும் நாள் தனி. அப்பாவின் கதவு வேலைக்கு நடுவே செய்தால் ஒரு வருஷம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மரம் வந்ததும் உடனே வேலை தொடங்க வேண்டாம். எத்தனை வருஷம் காய்ந்த மரமாக இருந்தாலும் நம் ஊர்க் காற்றுக்குப் பழக வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் பட்டறைப் பரணில் காற்றாடக் கிடக்கட்டும். செதுக்குவது, குடைவது எல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். மேல்பலகையை ஒட்டிப் பெட்டியை மூடுவதை மட்டும் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் ஈரத்தில் உப்பிய பலகையை மூடினால் சித்திரையில் அது சுருங்க இடமில்லாமல் இழுபடும். ஓரளவு காய்ந்த நிலையில் மூடிய பலகை மழையில் கொஞ்சம் உப்பும், அதனால் கெடுதல் இல்லை. மூடுவதற்கு முன்னால் உள்ளே பென்சிலில் உங்கள் பெயர், அப்பாவின் பெயர், ஊர், வருஷம் நான்கையும் எழுதிவிடுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது தேவைப்படும்.